பத்திரிகையில் தாய்மாமன் பெயர்

இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருப்பது, புதுச்சேரி வில்லியனூர்ப் பக்கத்தில் வசிக்கும் 49 வயதுப் பெண்மணி ஒருவர் எழுதிய பதினொரு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் பிறந்தது பண்ருட்டியை ஒட்டிய ஒரு கிராமத்தில். தந்தைக்கு மூன்று காணி முந்திரிக் கொல்லையும் ஓட்டு வீடும் இருந்தன; குடியும் இருந்தது. அடி வாங்கியவர் பெரும்பாலும் அம்மா, சில நாட்களில் அண்ணன். 1987-ஆம் ஆண்டு முந்திரிப் பருவத்தில் ஓர் இரவு அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. விடிவதற்குள் 11 வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முதல் பேருந்தில் ஏறி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் முதுநகரில் இருந்த தாய் வீட்டுக்கு வந்தவர்தான், திரும்பிப் போகவே இல்லை. அண்ணனுக்கு அப்போது 15 வயது. அவர் தந்தையோடு தங்கிவிட்டார். பத்து நாள் கழித்து இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிய பஞ்சாயத்தில் அண்ணன் எழுந்து நின்று, "அப்பா அடிக்கல, அம்மாதான் சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் தங்கை இருவருக்கும் பேச்சு இல்லை.

2010-இல் தந்தை இறந்தபோது இவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எரித்து மூன்று நாள் ஆன பிறகு வேறு யாரோ சொல்லித் தெரிந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாயும் மகளும் போயிருக்கிறார்கள். வாசலிலேயே நிறுத்தி, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில் அண்ணன் கேட்டது: "பொணத்தப் பாக்க வராதவங்க, பங்கு பாக்க வந்துட்டீங்களா?" செருப்பைக்கூடக் கழற்றாமல் இருவரும் திரும்பிவிட்டார்கள்.

இப்போது தை மாதத்தில் இந்தச் சகோதரியின் மகளுக்குத் திருமணம். போன மாதம் அத்தை மகன் வழியாக அண்ணனின் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நாற்பது விநாடிதான். "பாப்பா, அண்ணன் பேசுறேன். பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன். மாமன் சீரு என் கையால வைக்கணும்னு ஆசையா இருக்கு. அம்மா நல்லா இருக்காங்களா?" கணவர், "கொல்லைக்குக் கையெழுத்து வாங்கத்தான் இந்தப் பாசம்" என்கிறார். மகள், "மாமாவைக் கூப்பிடும்மா" என்கிறாள். கூடவே வசிக்கும் 72 வயது அம்மாவிடம் இந்தப் பதிவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. திருமணப் பத்திரிகை இரண்டு வாரத்தில் அச்சுக்குப் போக வேண்டும். "தாய்மாமன் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போடலாமா?" என்பதே அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

பத்திரிகையைப் பற்றிய கேள்வியோடு தொடங்கும் உங்கள் கடிதம், கடைசிப் பக்கத்தில் "நான் கல்நெஞ்சுக்காரியா?" என்று முடிகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கல்நெஞ்சுக்காரி அல்ல. கல்நெஞ்சுக்காரருக்கு நாற்பது விநாடிப் பதிவுக்குப் பதினொரு பக்கம் எழுதத் தோன்றாது. வாசலில் அவமானப்பட்டுத் திரும்பிய பின், அம்மாவை இன்னொரு முறை அந்த வாசலுக்கு அழைத்துப் போகாமல் இருந்தது, அவரைக் காப்பாற்ற அப்போது உங்களுக்குத் தெரிந்த வழி. அதற்காக இன்று யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

"ஊரில் எல்லா வீட்டிலும் அண்ணன் தங்கை ஒற்றுமையாக இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் இப்படி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணம் தவறு. பேச்சு அறுந்த உடன்பிறப்புகள் இல்லாத தெருவை இருபத்து மூன்று ஆண்டு ஆலோசனைப் பணியில் நான் கண்டதில்லை. விசேஷ வீட்டுப் படங்களில் யார் இல்லை என்பதை வெளியார் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் சமூகவியலாளருமான கார்ல் பில்லெமர் அந்நாட்டில் 1,300-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், 27 சதவீதத்தினர் உறவினர் ஒருவரோடாவது தொடர்பு அறுந்து வாழ்வதாகச் சொன்னார்கள். முறிந்த பின் மீண்டும் சேர்ந்தவர்களையும் அவர் தேடிப் பேசினார். அவர்களில் பலர் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது: நடந்தவற்றை நான் பார்க்கும் விதமாகவே நீயும் பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்ட பிறகுதான் அவர்களால் பேச முடிந்திருக்கிறது. காயத்தை மறந்தாக வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு பேரின் நினைவும் ஒரே கதையாகப் பொருந்தும் வரை காத்திருந்தால், அந்த நாள் வரவே வராது என்பதுதான் இதில் உள்ள செய்தி.

உங்கள் கடிதத்தில் நான்கு தனித்தனி விஷயங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன: பஞ்சாயத்தில் அண்ணன் சொன்னது, காரியத்தன்று அவர் கேட்டது, அம்மாவிடம் மறைத்திருப்பது, கொல்லையில் உள்ள பங்கு. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுப்பதாகவோ, ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பெறுவதாகவோ யோசிக்கத் தொடங்கினால் எதுவும் தீராது. ஆகவே தனித்தனியாகவே பேசுகிறேன்.

அந்த அரை வாக்கியம்

நான்காம் பக்கத்தில், நீங்களும் அம்மாவும் பேருந்து ஏறியதை எழுதும்போது, "அண்ணன் அன்று கொல்லைக் காவலுக்குப் போயிருந்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். முந்திரி பழுக்கும் மாதங்களில் கொட்டை களவு போகாமல் இருக்க வீட்டு ஆண்பிள்ளைகள் கொல்லையில் படுப்பது உங்கள் பக்கத்தில் வழக்கம்தான். காவல் முடித்து விடிந்து வீட்டுக்கு வந்த அந்தப் பையன் பார்த்தது அணைந்த அடுப்பையும், போதை தெளியாமல் கிடந்த தகப்பனையும், தங்கையும் அம்மாவும் இல்லாத வீட்டையும்தான். அவனிடம் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிறகு வந்து அழைத்துப் போகவும் இல்லை. நீங்கள் இந்த முப்பத்தெட்டு ஆண்டுகளாக, "அண்ணன் அப்பா பக்கம் போய்விட்டான்" என்ற கதைக்குள் வாழ்ந்திருக்கிறீர்கள். அவரோ, "அம்மா தங்கச்சியை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்ற கதைக்குள் வாழ்ந்திருக்கக் கூடும். இரண்டும் ஒரே விடியற்காலையில் தொடங்கியவை; இரண்டும் பொய்யல்ல.

பஞ்சாயத்தில் அவர் சொன்னது பொய்தான். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் சொன்னவனுக்கு வயது 15, அன்று மாலை அவன் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டிய வீடு அப்பாவின் வீடு. அடிக்கும் பெற்றோரிடம் தனியாக விடப்பட்ட பிள்ளை, அந்தப் பெற்றோருக்காகவே சாட்சி சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்பினால் மட்டும் அல்ல, ஒதுங்க வேறு கூரை இல்லாததாலும் சொல்வார்கள். அவ்வளவு பேர் நடுவில் உண்மையைச் சொல்லிவிட்டு அன்றிரவு அந்த வீட்டில் அவன் எப்படிப் படுத்திருக்க முடியும்?

இதை எழுதும்போதே, இந்தப் பழி அம்மாவின் மேல் சாயக்கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. "அவனுக்கு நிலமாவது மிஞ்சட்டும்னுதான் விட்டுட்டு வந்தேன்" என்று அம்மா இப்போதும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கை முறிந்த ஒரு பெண், 1987-இல், அரை இரவுக்குள் போட்ட கணக்கு அது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் தான் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். அடிக்கக்கூடாது என்று உத்தரவு வாங்கவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கவும், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் திறந்த வழி அன்று அவர் முன் இல்லை. மகளையாவது காப்பாற்றுவது, மகனுக்கு மண்ணையாவது விட்டுவைப்பது என்று அவர் பிரித்துக்கொண்டார். அந்தக் கணக்கின்படி பார்த்தால், தாய்க்குப் பதிலாக அண்ணனுக்குக் கிடைத்ததுதான் அந்தக் கொல்லை. நிலத்தைப் பற்றி நீங்கள் பேசப் போகும் நாளில் இது உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

முப்பத்தெட்டு வயதில் சொன்ன சொல்

2010-இல் நடந்தது வேறு வகை. அப்போது அவருக்கு 38 வயது; பிள்ளை குட்டியோடு, ஊரில் நாலு பேர் மதிக்கும் நிலையில் இருந்தவர். தகப்பன் இறந்ததைச் சொல்லாமல் விட்டதும், தாலியைக் கழற்ற வந்த தாயைப் பங்குக்கு வந்தவள் என்று வாசலில் நிறுத்திக் கேட்டதும் வளர்ந்த மனிதர் தெரிந்து செய்த காரியங்கள். சிறுவயதுத் துயரம் அவற்றின் வேரைக் காட்டும். அவற்றுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதித் தராது. நீங்கள் மனதுக்குள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்திருப்பதால்தான், ஒன்றில் இரக்கம் வரும்போது மற்றொன்றில் கோபத்தை விடவேண்டுமோ என்று தவிக்கிறீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்காக அழுதுகொண்டே, முப்பத்தெட்டு வயது மனிதரிடம் கணக்குக் கேட்கலாம்.

என்ன கேட்பது என்பதில் சிக்கனமாக இருங்கள். சிறுவயதிலிருந்து இன்று வரை பட்டியல் போட்டு எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டால், எந்த மனிதரும் தற்காப்புக்குள் போய்விடுவார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அன்று வாசலில் அம்மாவைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வரி தவறு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஊர் முன்னிலையில் நேர்ந்த அவமானத்துக்குச் சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அதே ஊர் முன்னிலையில் வருவது நம் வழக்கத்தில் பெரிய பதில்தான். பல ஆண்கள் வாயால் சொல்ல முடியாததைத் தட்டால் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் தட்டு மட்டும் போதாது என்பது என் கருத்து. அந்தச் சொல் அம்மாவின் காதில் விழுந்தது. அதை எடுத்துப் போடும் சொல்லும் காதில்தான் விழ வேண்டும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு சிறிய பாக்கி இருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். 2015 வெள்ளத்தின்போது அண்ணி அழைத்து, "அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்டதும் பதில் சொல்லாமல் துண்டித்திருக்கிறீர்கள். எடையில் இவை வாசல் அவமானத்துக்குப் பக்கத்தில்கூட வராதவை. இருந்தாலும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நடுவில் நூல் அறுந்துவிடாமல் பிடித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டும்

அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதால் சொல்லாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறை புரிகிறது, முடிவு தவறு. மணமேடைக்குப் பக்கத்தில், ஐந்நூறு பேர் நடுவில், பதினைந்து ஆண்டுகள் பார்க்காத மகனைத் திடீரென்று பார்ப்பதைவிட வீட்டுத் திண்ணையில் அவன் குரலைக் கேட்பது அவர் உடம்புக்கு எவ்வளவோ மேல். அதோடு, அந்தப் பதிவின் கடைசி வாக்கியம் அம்மாவைப் பற்றியது. அது அவருக்குச் சேர வேண்டிய செய்தி. நீங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவே.

இரவில் சொல்ல வேண்டாம், தூக்கம் போய்விடும். காலை உணவும் மாத்திரையும் முடிந்த பிறகு, வீட்டில் வேறு சத்தம் இல்லாத நேரத்தில், "அண்ணன் பேசி அனுப்பியிருக்கிறார், கேட்கிறீர்களா?" என்று முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்று அத்தோடு விட்டுவிடலாம். கேட்டுவிட்டு அழுதால் அழட்டும். கோபப்பட்டால், "இல்லைம்மா, அண்ணன் பாவம்" என்று வக்காலத்து வாங்காதீர்கள். மகிழ்ந்துபோய் உடனே வரச்சொல் என்றால் அதையும் தடுக்காதீர்கள். அன்றே எந்த முடிவும் கேட்கக் கூடாது. மகன் ஒருநாள், "ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்கக் கூடும் என்பதை மட்டும், சில நாள் கழித்து, மெதுவாக அவருக்குச் சொல்லி வையுங்கள். ஒருவேளை அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை காலம் அஞ்சிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருந்திருப்பார். அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டியதில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இத்தனை ஆண்டுகள் நின்றவர் நீங்கள். அந்த இடத்தை விட்டு இறங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

சொன்ன பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்குத் தூக்கமோ பசியோ திரும்பாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் தவிப்பு மிகுந்தால் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண் உங்களுக்கும் உரியது.

கொல்லையைப் பற்றி

சட்டம் என் துறை அன்று. கடலூரில் சொத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுகிறேன். "பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது, நான் கல்யாணமாகிப் போனவள், அம்மாவோ அப்பாவை விட்டு வந்தவர், எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது மாறியதால் உரிமை மாறிவிடாது. மகள் திருமணமானவள் என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தடையே இல்லை. விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்ந்த மனைவி, கணவர் இறக்கும்போது அவருடைய முதல் வகுப்பு வாரிசுதான். எத்தனை ஆண்டு பிரிந்திருந்தார் என்று சட்டம் கேட்பதில்லை.

கொல்லை அப்பா தம் பெயரில் சம்பாதித்ததாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்கு மாநிலத் திருத்தமே பங்குரிமை கொடுத்துவிட்டது. உங்களுக்கு மணமானது 1998-இல். 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதை இன்னும் உறுதிப்படுத்தின. அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒன்பதில் நான்கு நான்கு பங்கு, அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது. மூலப் பத்திரங்களைப் பார்த்துத்தான் எந்தக் கணக்கு என்று சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கூட்டுரிமையாளர் ஒருவர் அனுபவித்து வந்தால் அது மற்றவர்களுக்காகவும் அனுபவித்ததாகவே சட்டம் கொள்ளும். ஆனால், "உனக்கு உரிமையே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்தது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு என்ற காலவரம்பைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாட முடியும். 2010-இல் வாசலில் கேட்ட ஒரு கேள்வி மட்டுமே அப்படிப்பட்ட மறுப்பாகிவிடும் என்று தோழி கருதவில்லை. எனினும் தாமதம் உங்களுக்குச் சாதகம் இல்லை என்றார். அதனால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், 2010-க்குப் பிறகு நீங்களோ அம்மாவோ வெற்றுத் தாளிலாவது கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததுண்டா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். விவரம் தெரிந்து வைத்திருப்பது சண்டைக்குப் போவது ஆகாது.

கணவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ உங்கள் கையெழுத்து தேவைப்பட்டிருக்கலாம். அதே மனிதருக்கு 53 வயதில் தங்கை நினைப்பும் வந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக வருவது நம் வீடுகளில் அரிதில்லை. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கல்யாணம் முடிந்து ஆனி மாதம் வரை எந்தப் பத்திரத்திலும் நானும் அம்மாவும் கையெழுத்து வைப்பதாக இல்லை, நானும் அதுவரை பங்கு கேட்பதாக இல்லை என்று முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின்னும் தட்டோடு வருகிறாரா என்று பாருங்கள். மாமன் சீரின் விலையாக, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்ற பேச்சு, யார் வாயிலிருந்து வந்தாலும், உங்கள் கணவர் வாயிலிருந்து வந்தாலும்கூட, அங்கேயே நிறுத்துங்கள்.

ஆனிக்குப் பிறகு பேசும்போது, தானே புயலுக்குப் பின் கடன் வாங்கிக் கன்று நட்டு அந்தக் கொல்லையை மறுபடி எழுப்பியவர் அவர் என்பதையும் கணக்கில் எடுங்கள். பாகப்பிரிவினையில் நீதிமன்றமும் அதைக் கவனிக்கும், இத்தனை ஆண்டு விளைச்சலை அவர் ஒருவரே எடுத்ததையும் கவனிக்கும். இருவருக்கும் பொருந்தும் ஏற்பாடு ஒன்று கூடிவந்த பிறகு அதை லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். அங்கே ஆகும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது என்பதால், முழுச் சம்மதம் வரும் முன் அங்கே போகாதீர்கள். அம்மா தம் பங்கை மகனுக்கே விட விரும்பினால் அது அவர் விருப்பம். வாயால் சொன்னால் போதாது, பதிவு செய்த பத்திரம் வேண்டும். அது நாளைக்கு அண்ணனுக்கே பாதுகாப்பு.

முதல் சந்திப்பு

கல்யாண மண்டபம் முதல் சந்திப்புக்கான இடம் இல்லை. அவர் வீடும் வேண்டாம், உங்கள் வீடும் வேண்டாம். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு சமயத்துக்குப் போய்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த தம்பி, சூலை நோயால் துடித்து ஆள் விட்டு அழைத்தபோது, திலகவதியார் அங்கே வரமாட்டேன் என்றுதான் சொல்லி அனுப்பினார். தம்பிதான் இரவோடு இரவாகத் தமக்கையைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். பின்னாளில் அப்பர் ஆனார். மேடைகளில் திலகவதியாரின் பொறுமையை மட்டுமே பேசுகிறார்கள். எனக்கு அந்த "வரமாட்டேன்" பிடிக்கும். எங்கே வருவேன், எங்கே வரமாட்டேன் என்று சொன்ன பிறகும் பாசம் அப்படியே இருக்க முடியும். அவர் வந்த அதே பாதையில்தான் எதிர்த்திசையாக, 1987-இல், நீங்களும் அம்மாவும் போனீர்கள்.

ஆகவே, நடுவில் ஓர் இடம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயில் மண்டபமோ, தேவனாம்பட்டினம் கடற்கரையோ போதும். மதியம் நான்கு மணி, ஒரு மணி நேரம், நீங்கள் இருவர் மட்டும். கணவரும் அத்தை மகனும் தேநீர்க் கடைப் பக்கம் நிற்கட்டும். குடித்துவிட்டு வந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் பேசித் தீர்க்க நினைக்க வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக, தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணன் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பெண்ணையாற்று மணலில் நடந்ததையும், காசு போதாமல் ஒரு பொட்டலம் சுருளிக்கிழங்கை இருவரும் பங்கு போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது நினைவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த வாரத்தில் முதலில் அம்மா. பிறகு அண்ணனுக்குப் பதில், குரல் பதிவாகவே: "அண்ணா, உங்க பதிவு கேட்டேன். அம்மாவும் கேட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு தடவை நேர்ல பேசணும். கடலூர்ல பாக்கலாம்." இதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். அம்மா பதிவைக் கேட்க மறுத்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதே வாரத்தில் முதுநகர்ப் பெரியம்மா மகனிடமும் போய்ப் பேசிவிடுங்கள். உங்கள் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மடி கொடுத்தவர் அவர். இந்தச் செய்தி மூன்றாமவர் வழியாக அவருக்குப் போய்ச் சேரக் கூடாது. மாமன் சீர் இரண்டு தட்டாக வருவதில் சாத்திரக் குற்றம் எதுவும் இல்லை.

பத்திரிகைக்கு வருகிறேன். அச்சகத்தில் பத்து நாள் தள்ளிக் கேளுங்கள். தைத் திருமணத்துக்கு அது தாங்கும். அதற்குள் சந்திப்பு நடந்து, அந்த ஒரு வரியை அவர் திரும்ப எடுத்துக்கொண்டால், தாய்மாமன்கள் என்று பன்மையில் போட்டு, பெரியம்மா மகன் பெயரையும் அண்ணன் பெயரையும் வரிசையாக அச்சிடுங்கள். சந்திப்பு நடக்கவில்லை என்றால் மடி கொடுத்தவர் பெயர் மட்டும் போதும். அச்சான பெயரைப் பிறகு எடுக்க முடியாது. பெயர் இல்லாத அண்ணன் தட்டோடு வந்து நின்றால், முன்வரிசையில் ஒரு நாற்காலி போட முடியும்.